மொட்டு விட்ட நிழல்

அன்று மாலை அமானோ வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுத் தலைவி தோமிகோ, அவளுடைய ஒரே மகள் நட்சுயோ, நட்சுயோவை மணந்து, அமானோ என்ற குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டு வந்த மாப்பிள்ளை ஷிகேரு, பக்கத்து நிலத்துக்காரர் ஒகதா. இந்த நால்வர்தான். கூலியாட்கள் வெளிச்சம் மங்குமுன்பே போய்விட்டார்கள். வெளியாள் எவரும் வரவில்லை. பிற்பாடு ஆளுக்கொரு விதமாகப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

ஒகதா வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து, கணப்பு மேசையின் கம்பளிக்குள் காலை நீட்டிக்கொண்டு, உள்ளங்கையை விரித்தார். அதில் பட்டாணி அளவில் ஒரு சாமந்தி மொட்டு இருந்தது.

“உன் குடில்ல பறிச்சது மாப்பிள்ளே. மூணாவது குடில்.”

ஷிகேருவின் சூப்புக் கிண்ணம் பாதி வழியில் நின்றது. “ஒண்ணா?”

“ஒண்ணுக்காக நான் பூட்ஸைக் கழட்டுவேனா? திட்டா விட்டிருக்கு. சுத்தி எல்லாம் பச்சைப் பசேல்னு நிக்குது, நடுவுல மட்டும் மொட்டு. தலையில சொட்டை விழுந்த மாதிரி.”

தோமிகோ நிமிரவில்லை. சிப்பிகளைத் திறந்து சதையைக் குச்சியால் எடுத்து, ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இரவு நீளத் தொடங்கினால் சாமந்தி மொட்டு விட்டுவிடும். அதன் வழக்கம் அது. மொட்டு விட்டால் தண்டு அதற்குமேல் உயராது. குட்டைத் தண்டு சாவு வீட்டு அலங்காரத்துக்கு ஆகாது. ஏலக்காரன் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். அதனால் அவர்கள் ஊர் இருந்த தீபகற்பம் முழுவதும் இலையுதிர் காலத்தில் நள்ளிரவையொட்டிக் கண்ணாடிக் குடில்களுக்குள் விளக்கு எரியும். இரவை நடுவில் இப்படி உடைத்துவிட்டால், இன்னும் கோடைதான் என்று நம்பிச் செடி இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். பூக்கவேண்டிய நாளை மனிதன் முடிவு செய்வான். தூரத்துக் கப்பலிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிலத்துக்குள் யாரோ தணல் கொட்டி வைத்ததுபோல் தெரியுமாம்.

அமானோ வீட்டில் அந்த விளக்கு மூன்று தலைமுறையாக ஒரே விதமாக எரிந்தது: ஏற்றினால் ஏற்றியதுதான், நேரம் முடியும்வரை அணைவதில்லை. ஷிகேரு டொயோஹாஷி நகரில் மின்சாமான் கடைக்காரரின் இரண்டாவது மகன். விட்டு விட்டு எரிந்தாலும் செடி ஏமாறும் என்று அவனுக்குத் தெரியும். சற்று நேரம் வெளிச்சம், சற்று நேரம் இருட்டு, மறுபடி வெளிச்சம், அதுவே போதும். மூன்றாம் குடிலில் பாத்திகளுக்கு மேலே தொங்கிய பல்புகளை எல்லாம் கழற்றினான். மீன் துறையில் கட்டுவதுபோன்ற பலமான விளக்கு ஒன்றை மட்டும் உள்பக்கம் கதவுக்கு மேலே பொருத்தி, கடைசிப் பாத்திவரை பாயும்படி சாய்த்துவிட்டான். கதவை ஒட்டிக் கைக்கெட்டும் உயரத்தில் டைமர் பெட்டி.

தோமிகோ தடுக்கவில்லை. “ஒரு குடில், ஒரு பருவம். உன் இஷ்டப்படி நடத்து” என்றாள். “தண்டு நேரா வந்தா நட்சுயோவக் கூட்டிக்கிட்டு டொயோஹாஷிக்குப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன். வரலேன்னா இந்தப் பேச்சு இதோட சரி. இங்கேயே இருந்துக்க.”

அவள் சொன்ன சொல் மாறாதவள். அது ஷிகேருவுக்கும் தெரியும். நட்சுயோவின் வயிறு மேடிட்டிருந்தது. குழந்தை பிறப்பதற்குள் அண்ணன் கடை மாடியில் இருக்கும் ஒற்றை அறைக்குப் போய்விட வேண்டும். காலையில் எழுந்தால் கண்ணாடிக் கூரைகள் தெரியக் கூடாது. பெயர்ப்பலகையில் தன் பெயர் இருக்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

“திட்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டான்.

“கதவுலேர்ந்து உள்ளே நீளுது. உன் லைட்டுக்கு முன்னாடி எவனோ தினம் வந்து நிக்கிறான் போல.” ஒகதா தன் சாராயக் கோப்பையைத் தானே நிரப்பிக்கொண்டார். “நட்சுயோவோட பழைய ஆளா இருக்கும்.”

“எனக்கேது பழைய ஆளு? இந்த ஊர்ல பழசா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்” என்றாள் நட்சுயோ, முள்ளங்கித் தட்டை அவர் பக்கம் தள்ளியபடி.

ஒகதா சிரித்தார். ஷிகேருவும் சிரிக்கப் பார்த்தான்.

“நான் சொன்னேன்ல ஷிகேரு” என்றாள் தோமிகோ. “ஏத்தின விளக்கை இந்த வீட்டுல நடுவுல அணைக்கிறதில்ல.”

“அணைச்சா என்னம்மா ஆகும்?” என்றான் ஷிகேரு.

“அணைச்சா இருட்டா இருக்கும்.”

ஒகதாவுக்குச் சாராயம் ஏறியிருந்தது. “ஷோஜியும் இதேதான் பண்ணான். விளக்கை மாத்தணும், ஊரை மாத்தணும்னு. நல்ல மனுஷன். மருந்து அடிக்கிற டாங்கியை ஒரே தோள்ல தொங்கவிட்டுத் தொங்கவிட்டு, இடது தோள் இப்படிச் சரிஞ்சு போச்சு.” தம் தோளைத் தாழ்த்திக் காட்டினார். “கடைசியில அக்கரைக்குப் போற டோபா படகுல ஏறிட்டான்னு...”

“ஒகதா. போதும்” என்றாள் தோமிகோ.

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஷோஜி, தோமிகோவின் கணவர். அவரும் பெயர் மாற்றிக்கொண்டு வந்த மாப்பிள்ளைதான். அமானோ வீட்டில் ஆண் பிள்ளை பிறந்து நெடுங்காலம் ஆகிறது. ஆனால் முன்னோர் மாடத்தில் அவர் படம் இல்லை. ஊரில் யார் செத்தாலும் அமானோ வீட்டு வெள்ளைச் சாமந்திதான் போகும். அந்த வீட்டு எஜமானருக்கு மட்டும் ஒரு பூ வைத்ததில்லை. அவர் எங்கே என்று ஷிகேரு ஒருமுறை மனைவியிடம் கேட்டான். “இங்கதான் எங்கேயாவது” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒகதா கிளம்பியதும் ஷிகேரு டார்ச்சையும் ஏணியையும் எடுத்துக்கொண்டான். விளக்கு எரியத் தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

நட்சுயோ பின்வாசல்வரை வந்தாள். “ஏங்க, காலைல பாத்துக்கலாமே.”

“காலைல பாத்தா இன்னொரு ராத்திரி வீணாப் போயிடும். லைட் எங்கேயோ மறையுது. சரி பண்ணிட்டு வந்துடறேன்.”

“அது எரியறப்ப உள்ள நிக்காதீங்க.”

“ஏன், செடி மேல நிழல் விழுமா?”

“அம்மா அப்படித்தான் சொல்வாங்க” என்றாள். அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். பிறகு, பிடித்ததை மறந்தவள்போல விட்டுவிட்டாள்.

வடமேற்குக் காற்று வளைகுடாவைத் தாண்டி வந்து முட்டைக்கோசு வயல்களின் மேல் படுத்துப் புரண்டுகொண்டிருந்தது. மண்ணும் உப்பும் அழுகிய வெளி இலைகளும் கலந்த வாடை. முதல் குடில், இரண்டாம் குடில், அவற்றின் கண்ணாடிகள் சட்டங்களுக்குள் ஓயாமல் பல் கிட்டுவதுபோல் நடுங்கின. மூன்றாம் குடிலின் தள்ளுகதவைத் திறந்து உள்ளே போய் மூடியதும் அந்தச் சத்தம் சட்டென்று தொலைந்து, கனமான ஈரமான ஓர் அமைதி காதுகளில் வந்து அடைத்தது. சாமந்தி இலையின் கசப்பு மணம். பூவே இல்லாதபோதும் அந்த இலை சாவு வீட்டையே நினைவுபடுத்தும். எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டு விழுந்தது. சற்று யோசித்துவிட்டு மறுபடி விழுந்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தான். ஒகதா சொன்னது சரி. இடுப்புயரத்துக்கு நெருக்கமாக நின்ற பச்சைக்கு நடுவே மொட்டுகள் வெளிறித் தெரிந்தன. பாத்திக்குள் நடந்தபடி பார்த்தால் ஓர் ஒழுங்கும் பிடிபடவில்லை; இங்கே அகலமாக, அங்கே குறுகலாக, சில இடங்களில் கத்தரித்ததுபோல் நேர்க்கோடாக முடிந்தது. ஒரு செடியில் மொட்டு, அதன் தோளில் உரசிக்கொண்டு நின்ற அடுத்த செடியில் இல்லை. வேரில் நோய் என்றால் இப்படி ஓரம் கட்டி நிற்காது. விளக்குதான் காரணம். கண்ணாடியில் ஏதாவது ஒட்டியிருக்கும், காய்ந்த இலை, செத்த பூச்சி.

கதவை ஒட்டி ஏணியைச் சாத்தி ஏறினான். விளக்கின் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. விளக்கு எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் பக்கத்தில் தலையை வைத்து, அது சாய்ந்திருந்த திசையிலேயே டார்ச்சை அடித்தான்.

கீழே நின்றபோது திட்டாக இருந்தது, அங்கிருந்து பார்த்தபோது திட்டாக இல்லை.

கால்கள் இரண்டு. நீண்டு, ஒட்டினாற்போல். மேலே உடல். இருபுறமும் தொங்கிய கைகள். கழுத்து. கடைசிப் பாத்திகளில் வட்டமாக, தலை. மாலை வெயிலில் மனிதனின் நிழல் எப்படி நீளுமோ அப்படி, பச்சைச் செடிகளின் மேல் வெளிறிய மொட்டுகளால் ஒரு நிழல் படுத்திருந்தது. அதன் இடது தோள் சரிந்திருந்தது.

ஏணியின் மரச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் யோசித்தான். யோசிக்க வேண்டாம் என்று நினைத்தும் யோசனை நிற்கவில்லை. ஓர் இரவு இருட்டில் சாமந்தி மொட்டு விடாது. வாரக்கணக்கில் விடாமல் இருட்டு வேண்டும். அப்படியானால் வாரக்கணக்கில், ஒவ்வோர் இரவும், விளக்கு எரிந்த நேரமெல்லாம், யாரோ விளக்குக்கு முன்னால் நின்றிருக்கிறார். வந்து போகவில்லை. வந்து போயிருந்தால் ஓரங்கள் கலைந்திருக்கும். விரல்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இம்மியும் அசையாமல் நின்றிருக்கிறார்.

அந்தக் கால்கள் தொடங்கிய இடத்தைத் தேடி டார்ச்சின் ஒளியைக் கீழே இழுத்தான். பாத்தியைக் கடந்து, ஈர மண்ணைக் கடந்து, அது கதவடிக்கு வந்தது. ஏணியின் காலடிக்கு.

அங்கே யாரும் இல்லை.

இறங்கினான். கடைசிப் படியில் கால் தடுக்கியது. கதவு ஒரு முழத் தூரத்தில் இருந்தது, போயிருக்கலாம். ஆனால் டைமர் பெட்டி கண்ணில் பட்டது. விட்டு விட்டு எரிவதுதானே தவறு என்றார்கள். சரி. தொடர்ந்து எரியட்டும். இந்த வீட்டு வழக்கப்படியே எரியட்டும். இன்று திருப்பிவிட்டால் மிச்சப் பாத்திகளாவது பிழைக்கும், அந்தச் செடிகளை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காட்டினால் தோமிகோ ஒப்புக்கொள்வாள், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கெஞ்சிப் பார்க்கலாம். மாடியறை. பெயர்ப்பலகை. பெட்டியின் மூடியைத் திறந்து, விரலால் முள்ளைத் தேடினான்.

டக்.

விளக்கு எரிந்தது.

தலைக்கு மேலிருந்து வெளிச்சம் கொட்டியது. செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கியதுபோல் இருந்தது. அவனுடைய நிழல் காலடியிலிருந்து பாய்ந்து பாத்திகளின் மேல் விழுந்தது, ஒரு கை பெட்டியின் பக்கம் நீட்டியபடி. 

அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்திருந்தது.

மொட்டுகளின் மேல் அச்சாகப் பொருந்திக் கிடந்தது. விரலுக்கு விரல். இடது தோள் சரிந்து.

ஷிகேரு தன் பக்கத்தில் பார்த்தான். ஏணி. சுவர். காற்று. வெளிச்சத்தில் தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் அது இறங்கவில்லை. விலகி, சுற்றி, இரண்டு பக்கமும் வழிந்தது.

“அப்பா” என்றான். தான் நேரில் பார்த்திராத மனிதரை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று தோன்றியது. “நான் போயிடறேன். விளக்கைப் பழையபடி மாத்திட்டுப் போயிடறேன்.”

குழாய் சொட்டியது.

டக். இருட்டு.

அவனே வைத்த இருட்டு. அவனே கணக்குப் போட்டு, அளந்து, பெட்டிக்குள் முடுக்கிவைத்த இருட்டு. அது எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அது முடியவில்லை. டார்ச் எங்கோ விழுந்துவிட்டது. கசப்பு மணம் நெருங்கி வந்தது. இலைகள் அசையவில்லை, காலடி கேட்கவில்லை, மூச்சும் கேட்கவில்லை. ஆனால் ஈரத்துணி ஒன்றை யாரோ தன் முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்திருப்பதுபோல் தோன்றியது. வெளிச்சம் இருந்தவரை அது அசையாமல் நிற்கும். அது இப்போதுதான் புரிந்தது. மூன்று தலைமுறையாக நடுவில் அணைக்காமல் வைத்திருந்ததன் காரணம் அதுதான். வெளிச்சத்தில் நிற்கும்.

இருட்டில்?

டக்.

நிழல் மொட்டுகளின் மேல் இல்லை. பச்சையின் மேல் இருந்தது. அவனுடைய நிழலை நோக்கித் திரும்பி. ஒரு கை நீண்டிருந்தது.

கதவை நோக்கிப் பாய வேண்டும். உடம்பு கேட்கவில்லை. பெட்டியில் விரலை விட்டு முள்ளைத் திருகினான். திருகியது உடைந்து கையோடு வந்தது. அதைப் பார்த்தான். ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு.

டக். இருட்டு.

தோளில் ஒன்றும் படவில்லை. கையில்லை, குளிரில்லை, எடையில்லை. ஒன்றுமே படவில்லை.

டக்.

பாத்தியின் மேல், அவன் நிழலின் தோளில் மற்றதன் கை இருந்தது. ஒரு தகப்பன் மகன் தோளில் வைப்பதுபோல் மெதுவாக.

அவன் கதவுக்குத் தாவினான். இழுத்தான். கதவு எந்தத் தடையும் இல்லாமல் எண்ணெயிட்டதுபோல் வழுக்கித் திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. முற்றத்துக்கு அப்பால் சமையலறை விளக்கு எரிந்தது, படியில் தோமிகோ நின்றாள், இரு கைகளையும் ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நட்சுயோ.

“விளக்கு எரியுது ஷிகேரு” என்றாள் தோமிகோ. குரலில் கோபம் இல்லை. “நிழல் விழாம வெளிய வா.”

வலது காலைத் தூக்கினான். தூக்க முடிந்தது. வாசற்கட்டைக்கு மேலே, காற்றில், அந்தக் கால் நின்றது. அடுத்ததைத் தூக்கப் பார்த்தான். திரும்பிப் பார்த்தான்.

பாத்தியின் மேல் அவன் நிழல் இன்னும் பெட்டியின் பக்கமே கை நீட்டியபடி நின்றிருந்தது. அவன் அசைந்தபோது அது அசையவில்லை. தோளிலிருந்த கையின் விரல்கள் மட்டும் மடங்கின.

பிறகு மெல்ல, இழுத்துத் திருப்பியதுபோல், அதுவும் கதவைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. அப்படியே நின்றது.

“நட்சுயோ” என்றான்.

அவள் முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

டக்.

அன்றிலிருந்து மூன்றாம் குடிலில் விளக்கு பழையபடி எரிகிறது. ஒகதா வந்து பெட்டியை மாற்றிக் கொடுத்தார். உள்ளே நின்று வேலை செய்ய மறுத்துவிட்டதால் அதை வெளிச்சுவரில் வைத்தார். கதவுக்கு மேலிருந்த விளக்கைக் கழற்ற யாரும் முன்வரவில்லை. நட்சுயோவுக்கு மார்ச்சு மாதம் பிள்ளைப்பேறு. பெண் குழந்தை. கண்ணும் நெற்றியும் அமானோ ஜாடை.

முன்னோர் மாடத்தில் புதிதாகப் படம் எதுவும் வைக்கவில்லை. வைக்கக் காரணமும் இல்லை.

ஷிகேரு விடியற்காலைப் படகில் டோபாவுக்கு ஓடிப்போனான் என்று ஊரில் சொல்கிறார்கள்; துறையில் கண்டதாகச் சத்தியம் செய்பவர்களும் உண்டு. பொய். அமானோ வீட்டு மாப்பிள்ளை எவரும் அந்த வீட்டை விட்டுப் போனதில்லை. இலையுதிர் காலத்தில் யார் வேண்டுமானாலும் வந்து, கதவருகே ஏணியைச் சாத்தி, ஏறிப் பார்த்துக்கொள்ளலாம். ஊரெல்லாம் பச்சையாக நிற்கும்போது மூன்றாம் குடிலில் மட்டும் இரண்டு பேர் வெள்ளையாகப் பூத்திருக்கிறார்கள். ஒருவருக்கு இடது தோள் சரிந்திருக்கும். மற்றவன் ஒரு காலைத் தூக்கி, கதவைப் பார்த்தபடி நிற்கிறான். அந்தப் பூக்களை அமானோ வீட்டில் வெட்டுவதில்லை.